குருதியை அளந்தால் குலம் தெரியுமா?

(திங்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

சென்ற திங்கள் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, இளைஞர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துச் சென்று ஒரு தாளைக் காட்டினார். தம் எச்சிலைச் சிறு குப்பியில் அடைத்து அயல்நாட்டு நிறுவனம் ஒன்றுக்கு அவர் அனுப்பியிருக்கின்றார். அவர்கள் அதனை ஆய்ந்து, இவர் இத்தனை விழுக்காடு இன்ன நிலத்தார், இத்தனை விழுக்காடு இன்ன நிலத்தார் என்று வண்ணப் படத்தோடு விடை விடுத்திருக்கின்றனர். "ஐயா, இம்முறையைக் கொண்டு தூய தமிழன் யார், கலப்புற்றவன் யார் என்று பிரித்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டார். அவர் முகத்திலிருந்த மகிழ்ச்சியைக் கண்டபோது உடனே விடைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அடுத்த திங்கள் மேடையிலேயே சொல்கின்றேன், தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அவர் இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார். ஆகவே இன்றைய உரை அவர் வினாவுக்கு விடை. விடை சற்று நீளும், பொறுத்தருள வேண்டுகின்றேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். உயிர்களின் வழிவழிப் பண்புகளை ஆயும் துறையை நாம் மரபியல் என்கின்றோம். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கும் அதுவே பெயர். விலங்குகளின் இளமைப் பெயரும் ஆண்பாற் பெயரும் பெண்பாற் பெயரும் அங்கே தொகுக்கப் பெற்றுள்ளன. ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் வரையிலான வகுப்பும் அங்கேதான் வருகின்றது. உயிர்களை நோக்கி வகைப்படுத்தும் பழக்கம் நம் முன்னோர்க்கு இருந்தது என்பதற்கு அது சான்று. அதனைக் கொண்டு தொல்காப்பியர்க்கு மரபணு தெரியும் என்று மேடையில் முழங்குவோரும் உளர். அவர்கள் தொல்காப்பியர்க்குப் பெருமை சேர்க்கவில்லை. நம்மைப் பிறர் நகைக்க இடம் தருகின்றனர். மரபணு என்னும் சொல்லுக்கு மாற்றாக 'மரபன்' என்றும் 'ஈனி' என்றும் ஆளுவோர் உண்டு. மரபணு என்பது பள்ளிச் சிறார் வாயிலும் வழங்குவதாகிவிட்டமையின் நான் அதனையே ஆள்கின்றேன். டி.என்.ஏ. என்று ஆங்கிலச் சுருக்கத்தால் குறிக்கப் பெறுவதை மரபிழை என்பேன். நான்கே எழுத்துகளால் எழுதப்பெற்ற ஒரு நெடும் இழை அது. மாந்த உடலில் அவ்விழையின் நீளம் ஏறத்தாழ 300 கோடி எழுத்து. தாயிடமிருந்து ஒரு படி, தந்தையிடமிருந்து ஒரு படி என்று ஒவ்வொருவரும் இரண்டு படிகளைப் பெற்றிருக்கின்றோம்.

இனி, வேறுபாட்டை அளப்பது எப்படி? கண்ணால் பார்த்து அளப்பது பழைய முறை. நிறம், மூக்கு, மண்டையோடு, மயிர் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளந்து குவித்தனர். அளந்தவர் தம் இனத்தையே மேலே வைத்துக்கொண்டனர் என்பதைத் தவிர அக்குவியலால் அறியலாகும் செய்தி குறைவு.

உள்ளே நுழைந்து அளக்கும் முறை குருதி வகையோடு தொடங்கியது. 1901-இல் வியன்னாவில் கார்ல் இலாந்துசுட்டைனர் குருதி வகைகளை வெளியிட்டார். முதல் உலகப் போரின்போது, உலுதுவிக் எர்சுபெல்டு, அன்னா எர்சுபெல்டு என்னும் போலந்து நாட்டு மருத்துவ இணையர் கிரேக்க நாட்டுச் சலோனிக்கா நகரில் இருந்தனர். பல நாட்டுப் படைகள் அந்நகரில் வந்து குவிந்திருந்தன. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், செர்பியர், கிரேக்கர், செனகல் நாட்டார், வியத்துநாமியர், ஏன், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கொண்டுசெல்லப் பெற்ற படைவீரர்களும் அங்கே இருந்தனர். அவர்களில் ஏறத்தாழ எண்ணாயிரம் பேர் குருதியை ஆய்ந்து 1919-இல் அவ்விணையர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மேற்கே போகப் போக 'ஏ' வகை மிகுகின்றது. கிழக்கே வர வர 'பி' வகை மிகுகின்றது என்று கண்டனர். அதனைக் கொண்டு 'இனக்குறியெண்' என்று ஒன்றையும் வகுத்தனர்.

அவர்கள் தொகுத்த பட்டியலில் இன்னொரு செய்தியும் இருந்தது. 'ஏ' வகை இல்லாத படையும் இல்லை. 'பி' வகை இல்லாத படையும் இல்லை. ஆங்கிலேயன் ஒருவனுக்கும் அவனுக்கு அடிமைப்பட்ட நம் நாட்டான் ஒருவனுக்கும் ஒரே வகைக் குருதி இருக்கலாம். அவ்வாங்கிலேயனின் உடன்பிறந்தானுக்கு வேறு வகைக் குருதி இருக்கலாம். வேறுபட்டது வகைகளின் வீதமேயன்றி வகைகள் அல்ல. குருதி வகையைக் காட்டி இவன் இன்ன இனத்தான் என்று ஒருவனைச் சுட்டிச் சொல்ல அன்றும் இயலவில்லை, இன்றும் இயலாது.

குருதி வகை ஒரே ஓர் அடையாளம். ஓர் உயிரினத்தின் மரபணுக்களில் எத்தனை பங்கு வேறுபடுகின்றது என்பதற்கு அது விடை தராது. 1960-கள் வரை அறிஞர் இரு கட்சியாய் நின்றனர். ஒரு சாரார், இயற்கைத் தேர்வு பழுதுகளைக் களைந்துவிடுவதால் ஏறத்தாழ எல்லா மரபணுவும் ஒரே வடிவில்தான் இருக்கும் என்றனர். மறுசாரார், பன்மையே இயல்பு என்றனர். வழக்கு நீண்டுகொண்டே போனது. அளக்கும் கருவிதான் இல்லை.

அக்கருவி வந்த கதையைச் சொல்லாமல் என்னால் மேலே செல்ல இயலவில்லை. கனடா நாட்டுத் தொரண்டோ நகரில் ஆலிவர் சுமிதீசு என்னும் அறிஞர் புரதங்களைப் பிரிக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தார். சிறுவராய் இருந்தபோது, தாயார் துணிக்குப் போடும் கஞ்சி ஆறியதும் கட்டியாவதைக் கண்டது அவருக்கு நினைவு வந்தது. மாவைக் காய்ச்சிக் களியாக்கி, அதில் புரதத்தை இட்டு, மின்னோட்டம் பாய்ச்சினார். நம் வீட்டுப் பெண்டிர் சட்டைக்குக் கஞ்சி போடும் அதே செயல்தான்! 1955-இல் அம்முறை வெளியாயிற்று. புரதத்தில் ஓர் உறுப்பு மாறினாலும் அதன் மின்னேற்றம் மாறக்கூடும். மாறினால் களியில் அது ஊரும் விரைவும் மாறும். சாயம் ஏற்றிப் பார்த்தால் விரைந்து ஊர்ந்தது ஒரு பட்டையாகவும் மெல்ல ஊர்ந்தது வேறொரு பட்டையாகவும் தெரியும். தாய்தந்தையரிடம் ஒரே வடிவம் பெற்ற உயிரில் ஒரு பட்டையும், இரு வேறு வடிவம் பெற்ற உயிரில் இரண்டோ அதற்கு மேலோ பட்டைகளும் காணப்பெறும். மரபணு வேறுபாடு கண்ணுக்குக் கோடாகத் தெரிந்தது அப்பொழுதுதான்.

இம்முறையை 1966-இல் சிக்காகோவில் இரிச்சர்டு இலெவோண்டின், சான் அப்பி என்னும் இருவர் பழ ஈயின்மேல் ஆண்டனர். 18 மரபணு இருப்பிடங்களை ஆய்ந்ததில், ஓர் ஈக்கூட்டத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் இருந்தன. தனி ஈ ஒன்றிலே ஏறத்தாழ 12 விழுக்காட்டு இடங்களில் இரு படிகளும் வேறுபட்டிருந்தன. அதே ஆண்டு இலண்டனில் ஆரி ஆரிசு மாந்தரின் 10 நொதிகளை ஆய்ந்தபோது மூன்றில் வேறுபாடு கண்டார். எவரும் இத்துணைப் பன்மையை எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு வேறுபாட்டையும் இயற்கைத் தேர்வு ஏன் விட்டுவைத்தது என்னும் வினா எழுந்தது. அவற்றுட் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் அற்ற நடுநிலை மாற்றங்களே என்று 1968-இல் சப்பானிய அறிஞர் மோட்டோ கிமூரா கூறினார். அவ்வழக்கின் கிளைகள் இன்னும் அடங்கவில்லை.

இங்கே சிறிது கணக்குப் போட வேண்டும். அஞ்ச வேண்டா; நான்காம் வகுப்புக் கணக்குத்தான்.

ஓர் ஊரில் ஒரு மரபணுவுக்குக் 'க', 'ங' என்று இரு வடிவங்கள் உள்ளன என்க. நூற்றுக்கு 90 'க', 10 'ங'. கண்ணை மூடிக்கொண்டு இரு படிகளை எடுத்தால் அவை வேறுபட்டவையாய் அமையும் வாய்ப்பு எவ்வளவு? 90-ஐயும் 10-ஐயும் பெருக்கி, இரட்டித்து, நூற்றால் வகுத்தால் 18 விழுக்காடு. அடுத்த ஊரில் 50 'க', 50 'ங'. அங்கே அவ்வாய்ப்பு 50 விழுக்காடு. இரண்டூர்க்கும் நிரவல் 34. இனி ஊர்களுக்கு இடையேயுள்ள வேலியை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்குவோம். இப்பொழுது 70 'க', 30 'ங'. வாய்ப்பு 42 விழுக்காடு. வேலிக்குள் 34, வேலியின்றி 42. அவ்வெட்டுத்தான் ஊருக்கும் ஊருக்கும் இடைப்பட்ட வேறுபாடு. நாற்பத்திரண்டில் எட்டு என்றால் நூற்றுக்கு 19 பங்கு. எஞ்சிய 81 பங்கு வேறுபாடு ஊருக்குள்ளேயே, ஒரே தெருவில் வாழ்வோர்க்கிடையே இருப்பது. அமெரிக்க அறிஞர் சீவல் இரைட்டு 1951-இல் தெளிவுறுத்திய அளவையின் சாறு இவ்வளவே. ஒரு கூட்டத்துக்குள் உள்ள பன்மை வேறு, கூட்டங்களுக்கு இடைப்பட்ட பன்மை வேறு என்று பிரித்தளக்க அது வழி செய்தது. இரு கூட்டங்களின், அல்லது இரு சிற்றினங்களின் தொலைவை ஒரே எண்ணால் சொல்லும் முறையை 1972-இல் மாசத்தோசி நேய் வகுத்தார்.

அதே 1972-இல் இலெவோண்டின் மாந்தர்மேல் இக்கணக்கைப் போட்டார். குருதி வகைகளும் குருதிப் புரதங்களுமாக 17 இருப்பிடங்கள். உலக மாந்தரை வழக்கமாகச் சொல்லப்படும் ஏழு 'இனங்களாக'ப் பகுத்துக்கொண்டார். மாந்தக் குலத்தின் மொத்த வேறுபாட்டில் 85.4 விழுக்காடு ஒவ்வொரு மக்கட் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஓர் இனத்துக்குள் அடங்கிய கூட்டங்களுக்கு இடையே 8.3 விழுக்காடு. இனத்துக்கும் இனத்துக்கும் இடையே 6.3 விழுக்காடு. மண்டையோட்டை அளந்து மேல்கீழ் வகுத்தார்களே, அந்த மேல்கீழுக்கெல்லாம் கிடைத்த பங்கு இவ்வளவுதான்! பின்னர் 2002-இல் 52 மக்கட் கூட்டங்களைச் சேர்ந்த 1,056 பேரிடம் 377 இருப்பிடங்களை ஆய்ந்தபோது, கூட்டத்துக்குள் அடங்கிய பங்கு 93 முதல் 95 விழுக்காடு என்று வந்தது.

இத்தோடு நிறுத்தினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் நிறுத்துதல் நேர்மையாகாது. அந்த 2002 ஆய்விலேயே, 377 இருப்பிடங்களையும் ஒருங்கே நோக்கிய கணினி, எவரும் சொல்லாமலே அம்மாந்தரைப் பெருநிலப் பகுதிவாரியாகப் பெரும்பாலும் சரியாகவே பிரித்துவிட்டது. அஃதெப்படி? கேம்பிரிட்சு அறிஞர் எட்வர்ட்சு 2003-இல் இதனை விளக்கி இலெவோண்டினை மறுத்தார். நமக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டு அதனைச் சொல்கின்றேன். ஒருவர் வாயினின்று ஒரு சொல்லை மட்டும் கேட்டு அவர் நெல்லையா, கோவையா என்று சொல்ல இயலாது. அவரைக் கால்நாழிகை பேசவிட்டால் சொல்லிவிடலாம். ஒவ்வொரு சொல்லிலும் வேறுபாடு சிறிது. பல சொற்களைச் சேர்த்துக் கேட்டால் ஊர் தெரிந்துவிடுகின்றது. ஊர் தெரிந்துவிட்டதனால் இருவர் பேசுவதும் தமிழாகாமற் போய்விடுமா? அவர்தம் பேச்சிற் பெரும்பங்கு ஒன்றே என்னும் உண்மைதான் மாறிவிடுமா? இரண்டும் ஒருங்கே உண்மை. மரபிழையின் பல்லாயிரம் இடங்களைச் சேர்த்து நோக்கி ஒருவர் முன்னோர் பெரும்பாலும் எந்நிலப்பகுதியில் வாழ்ந்தனர் என்று கணிக்கலாம். நம் இளைஞர் வைத்திருக்கும் தாள் செய்வது அதுவே. அது பொய்யன்று. ஆனால் அது எதனை அளக்கின்றது என்பதை அறிந்து படித்தல் வேண்டும்.

சிற்றினங்களுக்கு இடைப்பட்ட அளவையும் சொல்லிவிட்டால் இவ்வெண்களின் பருமை விளங்கும். நமக்கு நெருங்கிய உறவான சிம்பன்சிக் குரங்கின் மரபிழை 2005-இல் முழுதும் படித்து வெளியிடப் பெற்றது. நேருக்கு நேர் வைத்து ஒப்பிடத்தக்க எழுத்துகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 1.2 வேறுபட்டது, அஃதாவது மூன்றரைக் கோடி எழுத்துகள். எழுத்துகள் புதிதாய்ப் புகுந்தும் விடுபட்டும் போன இடங்கள் வேறு 50 இலக்கம். மாந்தர் இருவரை ஒப்பிட்டாலோ ஆயிரத்துக்கு ஓர் எழுத்தளவே வேறுபடும். அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கும் ஆனைமலைக் காடருக்கும் அவ்வளவே. பெரும்பாலும் ஒரே ஊரில் உறவில்லாத இருவர்க்கும் அவ்வளவே.

சிம்பன்சிகளோ நம்மைக் காட்டிலும் பன்மை மிக்கவை. 1999-இல் வெளிவந்த ஆய்வொன்று மரபிழையின் ஒரு பகுதியை எடுத்துப் பார்த்தபோது, சிம்பன்சிகளிடையே உள்ள வேறுபாடு மாந்தரிடையே உள்ளதனைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று கண்டது. ஆப்பிரிக்கக் காட்டில் ஒடுங்கிக் கிடக்கும் அவ்விலங்கு, எழுநூறு கோடியையும் கடந்து உலகெங்கும் பரந்து கிடக்கும் மாந்தரைக் காட்டிலும் பன்மையுடையது! கரணியம், நாம் அனைவரும் அண்மைக் காலத்தில் சிறு கூட்டமொன்றிலிருந்து கிளைத்தவர்கள் என்பதே. நாம் பெருகிய விரைவுக்கு மரபிழையில் மாற்றம் சேர நேரம் போதவில்லை.

கண்ணை நம்பினால் சிற்றினத்தைப் பிரிப்பதிலும் ஏமாறுவோம். ஆப்பிரிக்க யானை ஒன்றே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2001-இல் 195 யானைகளின் தோலில் சிறு துணுக்கினை அம்பெய்து எடுத்து மரபணுவை ஆய்ந்தனர். காட்டு யானைக்கும் வெளிநிலத்து யானைக்கும் இடைப்பட்ட தொலைவு, ஆப்பிரிக்க யானைக்கும் ஆசிய யானைக்கும் இடைப்பட்ட தொலைவிற் பாதிக்கும் மேல் என்று தெரிந்தது. 2021-இல் உலக இயற்கைக் காப்பு ஒன்றியம் அவற்றை இரு சிற்றினங்களாகவே தன் பட்டியலில் ஏற்றியது. இதற்கு நேர்மாறு விக்டோரியா ஏரியின் மீன்கள். வாயும் பல்லும் நிறமும் நூற்றுக்கணக்கில் வேறு வேறாய் நிற்க, அவற்றின் மரபணுத் தொலைவு மிகமிகச் சிறிது.

பன்மை குறைந்தால் என்ன கேடு என்று கேட்பீர்கள். சிவிங்கிப்புலியைப் பாருங்கள். 1983-இல் சுட்டீபன் ஓபிரையன் குழுவினர் தென்னாப்பிரிக்கச் சிவிங்கிகள் 55-ஐ எடுத்து 47 இருப்பிடங்களை ஆய்ந்தனர். ஓர் இடத்திலும் வேறுபாடு இல்லை! ஐயந்தீர, உறவற்ற சிவிங்கிகளிடையே தோலை மாற்றி ஒட்டிப் பார்த்தனர். பிற விலங்கின் தோலை உடல் விரைந்து தள்ளிவிடுவதே இயல்பு. இச்சிவிங்கிகளின் உடலோ அயல்தோலைத் தன் தோலென்றே கருதி ஏற்றுக்கொண்டது. அமெரிக்காவில் காப்பகம் ஒன்றில் நச்சுயிரி நோய் புகுந்தபோது வீட்டுப் பூனைகளில் சிலவே மடியும் அந்நோய்க்குச் சிவிங்கிகளிற் பாதியேனும் மடிந்தன. ஒன்றை வீழ்த்தும் பூட்டுத்திறவு எல்லாவற்றையும் திறந்துவிட்டது. சிவிங்கியின் தாழ்வுக்குப் பன்மைக் குறைவே தலையாய கரணியமா, அன்றிக் காடழிவும் வேட்டையுமா என்பதில் அறிஞர் வேறுபடுகின்றனர். வாழிடம் போனால் எத்துணைப் பன்மையும் காவாது என்பதே என் கருத்து.

வட அமெரிக்கக் கடற்கரையின் யானைச்சீல்களைக் கொழுப்புக்காக வேட்டையாடி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ ஒழித்தே விட்டனர். எஞ்சியவை சிலவே. பின்னர் காப்பளித்தனர், அவை பல்லாயிரமாய்ப் பெருகின. 1974-இல் 159 விலங்குகளில் 24 இருப்பிடங்களை ஆய்ந்தபோது வேறுபாடு சுழி. தலைகள் மீண்டன, இழந்த பன்மை மீளவில்லை. எண்ணிக்கையைக் காட்டி 'காத்துவிட்டோம்' என்று மகிழும் அதிகாரிகள் இக்கணக்கை ஒருமுறை படித்தல் நலம்.

பயிர்க்கு வருவோம். நம் நெல்லைப் பற்றிப் பேசாமல் போனால் உழவர் வீட்டுப் பிள்ளைகள் என்னை விடமாட்டார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். வெந்ததா என்று பார்க்க அது சரி. பானையில் எத்தனை வகை அரிசி இருக்கின்றது என்று அறிய ஒரு சோறு போதாது, பத்தும் போதாது. பிலிப்பைனில் உள்ள பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனத்தார் 1970-களின் தொடக்கத்தில் இதனைக் கற்றுக்கொண்டனர். நெற்பயிர் குட்டையாகிப் புல்போல் தூர்விட்டுக் கதிரின்றிப் போகும் நச்சுயிரி நோய் அன்று பரவியது. தம்மிடமிருந்த விதைச் சேர்ப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகளை அவர்கள் நோய்க்கு ஆட்படுத்திப் பார்த்தனர். தாங்கி நின்றது ஒன்றே ஒன்று. அதுவும் பயிர்நெல் அன்று. உத்தரப் பிரதேசத்திலிருந்து 1963-இல் எடுத்துவைத்த காட்டுநெல். அக்காட்டுநெல்லிலும் எல்லாச் செடியும் தாங்கவில்லை. சில செடிகளே தாங்கின. அச்சிலவற்றின் மரபணு ஏற்றப்பெற்ற ஐ.ஆர்.36 என்னும் நெல் 1976-இல் வெளிவந்து ஆசியாவின் பல கோடி வயல்களில் விளைந்தது. அக்காட்டுநெல்லின் உள்வேறுபாட்டை அறியாமல் இரண்டு விதையை மட்டும் எடுத்து வைத்திருந்தால் என்னாகியிருக்கும்?

அமெரிக்கரோ 1970-இல் வேறொரு பாடம் கற்றனர். அவர்களுடைய மக்காச்சோள விதைகளுக்குக் குழுமத்துக்குக் குழுமம் வேறு வேறு பெயர். ஆனால் ஆண்பூவை மலடாக்கும் பண்புக்காகப் பெரும்பாலான விதைகளை ஒரே தாய்வழியிலிருந்து உண்டாக்கியிருந்தனர். பெயர் பல, தாய் ஒன்று. அத்தாய்வழியையே தாக்கும் பூஞ்சை ஒன்று வந்தது. நாட்டின் விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அவ்வோராண்டில் போயிற்று.

ஆகவே பெயரை எண்ணினால் பன்மையை அளந்ததாகாது. இதனை நம் மரபு நெல்லுக்கும் சொல்ல வேண்டியவனாய் இருக்கின்றேன். திருத்துறைப்பூண்டிப் பகுதியில் 'நெல்' செயராமன் 170-க்கும் மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் தேடித் திரட்டி, உழவர் கைக்கு விதையாகவே திருப்பினார். 2018-இல் மறைந்த அப்பெருமகனுக்குத் தமிழுழவன் பட்ட கடன் பெரிது. அவர் திரட்டியவற்றுள் எவை உண்மையில் வேறுபட்டவை, எவை ஒரே நெல்லுக்கு ஊருக்கு ஊர் வழங்கும் வெவ்வேறு பெயர், ஒரே பெயருக்குள் எத்தனை வழி மறைந்து கிடக்கின்றது என்பவற்றை மரபிழையைப் படித்தே சொல்லல் வேண்டும். நெல் தன்னைத்தானே சூலுறுத்திக்கொள்ளும் பயிர். அதனால் அதன் பன்மை மாந்தரைப்போல் கூட்டத்துக்குள் நிறைந்திராது. ஒரு வழிக்கும் மறு வழிக்கும் இடையேதான் பெரும்பங்கு நிற்கும். தற்சூல் செடிகளில் ஏறத்தாழப் பாதி வேறுபாடு கூட்டங்களுக்கு இடைப்பட்டது என்று கண்டுள்ளனர். நெல்லில் ஒரு வகை அழிந்தால் அதனோடு போவது மிகுதி என்பது இதனாற் பெறப்படும்.

தம்பியின் வினாவுக்கு இனி நேரே வருகின்றேன்.

இத்துணைக்கண்டத்து மக்களை ஐதராபாத்து ஆய்வகத்தாரும் ஆர்வர்டு அறிஞரும் சேர்ந்து ஆய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 25 குழுக்கள், 132 பேர். குழுவுக்கும் குழுவுக்கும் இடைப்பட்ட வேறுபாடு ஐரோப்பிய நாட்டார்க்கிடையே உள்ளதனைப்போல் மும்மடங்குக்கு மேல் இருந்தது. ஏன்? மலையும் கடலும் பிரித்தனவா? ஒரே தெருவின் இரு முனையில் வாழ்வோரை எம்மலை பிரித்தது? அகமணம் பிரித்தது. 2013-இல் 73 குழுக்களை ஆய்ந்த மற்றொரு கட்டுரை, இன்றைக்கு ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இங்கே பெருங்கலப்பு நிகழ்ந்தது என்றும், அதன்பின்னரே குழுக்கள் தம்முள் கதவடைத்துக்கொண்டன என்றும் காட்டியது. மேற்குலம் என்று தருக்குவோரும் அவரால் ஒதுக்கப்பட்டோரும் அக்கலப்பின் வழியினரே. கலப்பின் வீதம் மட்டும் கூடக் குறைய இருக்கும். தூய தமிழனைத் தேடுவோர்க்கும் தூய ஆரியனைத் தேடுவோர்க்கும் அக்கட்டுரை ஒருங்கே ஏமாற்றம் தருவது.

கதவடைத்துக்கொண்டதன் விலையும் சிறிதன்று. சிலரே முன்னோராய்த் தொடங்கித் தம்முள்ளேயே மணந்துவந்த குழுவில் ஒரு முன்னோரின் பழுதான மரபணு தாய்வழியும் தந்தைவழியும் வந்து ஒரு குழந்தையிடம் கூடும் வாய்ப்பு மிகும். ஆந்திரப் பகுதியின் வணிகக் குடி ஒன்றில், அறுவையின்போது தசை தளரக் கொடுக்கும் மருந்தைச் சிதைக்கும் நொதி இல்லாதோர் பிறரினும் பன்மடங்கு மிகுதி. அவர்க்கு அம்மருந்தைக் கொடுத்தால் மூச்சுத் தசைகள் நெடுநேரம் எழமாட்டா. இக்குறையை அறிந்த மயக்க மருத்துவர் முன்கூட்டியே குடிவழி கேட்கின்றனர்.

இன்னொரு செய்தி, சாதிக்கு அடங்காதது. நெஞ்சாங்குலைத் தசைப் புரதத்தின் மரபணு ஒன்றில் 25 எழுத்து விடுபட்ட வடிவம் நம்மிடையே நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரிடம் உள்ளது. முதுமையில் நெஞ்சாங்குலை தளர்தற்கு அது கரணியமாகின்றது. மதுரை ஆய்வாளரும் பங்குகொண்ட குழு 2009-இல் இதனை வெளியிட்டது. வடக்கும் தெற்கும், மேலும் கீழும், பல மொழியாரும் பல சாதியாரும் அதனைச் சுமந்து திரிகின்றனர். கதவடைக்குமுன் நிகழ்ந்த உறவுக்கு அது நெஞ்சுக்குள் இருக்கும் சான்று.

தம்பி, உம் தாளை நான் பழிக்கவில்லை. அத்தாள், அந்நிறுவனத்தாரிடம் முன்னரே உள்ள சில குழுக்களின் மரபிழையோடு உமதனை ஒப்பிட்டுச் சொன்ன கணிப்பு. அக்குழுக்களில் தமிழகத்தார் எத்தனை பேர், எந்த எந்தக் குடியினர் என்பதைப் பொறுத்தே உமக்கு வந்த விழுக்காடு அமையும். ஒப்பிடும் குழு மாறினால் விழுக்காடும் மாறும். உம் உடலில் ஓரெழுத்தும் மாறியிராது. மேலும், அவர்கள் படித்த எழுத்துகளுள் எதுவும் தமிழ் என்னும் மொழியைக் குறிப்பதன்று. தமிழறியாத் தமிழ்க்குடிப் பிள்ளையின் மரபிழையும், யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் தாய்மடியில் தமிழ் கற்ற பிள்ளையின் மரபிழையும், பெசுகி பாதிரியாருடைய மரபிழையும் அவர்தம் தாய்மொழியைப் பற்றியோ கற்ற மொழியைப் பற்றியோ ஒன்றும் சொல்லமாட்டா. பெசுகி இத்தாலியில் பிறந்தவர், தேம்பாவணி பாடியவர். அவர் எச்சிலைக் குப்பியில் அனுப்பியிருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சென்ற திங்கள் அத்தாளைத் திருப்பிக் கொடுக்குமுன் அதன் பின்பக்கத்தை நான் நோக்கினேன். ஒப்பிட்ட குழுக்களின் பெயரும் ஆள் எண்ணிக்கையும் அங்கே இல்லை. அவற்றைக் கேட்டு ஒரு மடல் விடுத்துப் பாரும். விடை வந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாரும். இருவரும் இருந்து படிப்போம்.